அதிகாலையில் கார் முன் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்கிறது: ஏசியா, ஹீட்டரா?

தேவகோட்டைத் தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் எங்கே தப்பு செய்தேன் என்று உங்களால் சொல்ல முடியும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற எங்கள் சித்தப்பாவுக்கும் அவர் கூட்டத்தாருக்கும் காலைச் சாப்பாடு கொண்டு போனோம். அவர்கள் சிங்கம்புணரி தாண்டி நத்தம் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தேவகோட்டையில் காலை நாலு மணிக்குப் புறப்பாடு. காரில் நான், மனைவி, அம்மா, அப்பத்தா, தங்கச்சி மகன் என்று ஐந்து பேர். டிக்கியில் இடம் போதாமல் பின் சீட்டுக்காரர்களின் காலடியில் சூடான பொங்கல் இரண்டு தூக்குவாளி, சாம்பார் ஒன்று. முதல் நாள் ராத்திரி தூறல் போட்டிருந்தது, செருப்பு, மிதியடி எல்லாம் ஈரம்.

அப்பத்தாவுக்கு ஏசிக் காற்று பட்டால் இருமல் வரும். அதனால் ஏசியே போடவில்லை, கண்ணாடியையும் முழுக்க ஏற்றிவிட்டேன். காற்று உள்ளேயே சுற்றுகிற மாதிரி இருக்கும் பொத்தானை நான் எப்போதும் அமுக்கியே வைத்திருப்பேன், நம் ஊர்ச் செம்மண் தூசிக்குப் பயந்து. காரைக்குடி வருவதற்குள் முன் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துண்டால் துடைத்தால் ஒரு நிமிடம் தெரியும், திரும்ப மூடும். சரி என்று ஏசியைப் போட்டு, சூடு குளிர் மாற்றுகிற திருகை நீலத்தின் கடைசிக்குத் தள்ளி, காற்று முழுவதையும் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். தெளிந்தது. பின்னால் அப்பத்தா நடுங்க ஆரம்பித்தார்கள்.

திருப்பத்தூர் தாண்டியதும் மறுபடியும் மூட்டம். இந்த முறை துண்டால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. துண்டில் ஈரமே இல்லை, ஆனால் ரோடு தெரியவில்லை. எனக்கு ஒன்றும் புரியாமல் ஏசியை நிறுத்தினேன், காற்றை ஊதுகிற ப்ளோயர் மட்டும் ஓடியது. அரை நிமிடத்தில் மொத்தக் கண்ணாடியும் ஒரேயடியாக மூடிவிட்டது. அப்போது ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்து போய்க்கொண்டிருந்தது. பச்சை வேட்டி, காவி வேட்டி, காவடி, சின்னப் பிள்ளைகள் கூட. முதுகில் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. பிரேக் போட்டு ஓரமாக நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தூக்கமில்லை, கண்ணை மூடினால் அந்த ஸ்டிக்கர்கள்தான் வருகின்றன.

என் கார் ஏழு வருடப் பழசு, ஆட்டோமேட்டிக் ஏசி இல்லை, கையால் திருகுகிற மூன்று திருகுதான். பின் கண்ணாடியில் கம்பி இருக்கிறது, அதற்குப் பொத்தானும் இருக்கிறது, இதுவரை தொட்டதில்லை. ஹீட்டர் போட்டால் இன்ஜின் சூடாகும் என்று கார் வாங்கும்போதே ஒருவர் சொன்னதால் சிவப்புப் பக்கம் போனதே இல்லை. எதை எப்போது போட வேண்டும்? அப்பத்தாவுக்கும் குளிரக்கூடாது, எனக்கும் ரோடு தெரிய வேண்டும். வழி இருக்கிறதா?


காரைக்குடி ஏசி மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதலில் ஓரமாக நிறுத்தினீர்களே, அது சரியான காரியம். மூடின கண்ணாடியோடு மெதுவாகப் போய்விடலாம் என்று போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு வந்தது ஒரு மூட்டம் இல்லை, மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதனால்தான் ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் கேட்கவில்லை.

முதலாவது, காரைக்குடிக்கு முன்னால் வந்தது. ஐந்து பேர் மூச்சு, ஈர மிதியடி, அதோடு மூடி இடுக்கில் ஆவி விடுகிற பொங்கல் தூக்கு. அத்தனை ஈரமும் வெளியே போக வழியில்லாமல் காருக்குள்ளேயே சுற்றியது, ஏனென்றால் நீங்கள் உள் காற்றுப் பொத்தானை அமுக்கி வைத்திருந்தீர்கள். தை மாத விடியலில் வெளிக்குளிர் பட்டுக் கண்ணாடி குளிர்ந்திருக்கும். ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால் நீராகப் படியும், அவ்வளவுதான் விஷயம். இது கண்ணாடியின் உள் பக்கம்.

இரண்டாவது, திருப்பத்தூர் தாண்டி வந்தது. இது வெளிப் பக்கம். சித்திரை வெயிலில் சில்வர் டம்ளரில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் ஊற்றி வைத்தால் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும் இல்லையா, அதேதான். நீங்கள் ஏசியைக் கடைசி நீலத்தில் வைத்துக் கண்ணாடி மேலேயே அடித்தீர்கள், கண்ணாடி சில்லிட்டுப் போய் டம்ளராகிவிட்டது. வெளியே தூறல் விட்ட காற்று, ஈரம் நிறைந்தது. அது வந்து வெளியே படிந்தது. உள்ளே துண்டு போட்டுத் துடைத்தால் எப்படிப் போகும்? வைப்பரை ஒரு தடவை தட்டியிருந்தால் போயிருக்கும். மழை இல்லையே என்று யாருக்கும் வைப்பர் நினைவு வருவதில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. ஏசி ஓடும்போது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் தண்ணீர் கோத்துக்கொண்டே இருக்கும், குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு காய வைப்பதும் இப்படித்தான். ஏசியைக் குளிர வைக்கிற கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விட்டால், அந்த நனைந்த காயில் மேல் காற்று போய், கோத்திருந்த தண்ணீரை எல்லாம் அள்ளிக்கொண்டு நேராக முன் கண்ணாடி மேல் கொட்டும். உள் காற்றுப் பொத்தானும் அமுக்கி இருந்ததால் அரை நிமிடம் போதும். ஓடுகிற வண்டியில், ஈரக் காலத்தில், திடீரென்று ஏசியை நிறுத்தாதீர்கள்.

இனி எப்போது மூடினாலும் முதல் வேலை, விரலால் உள் பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிவாக விழுந்தால் ஈரம் உள்ளே. விழாவிட்டால் வெளியே. அதைத் தெரிந்துகொண்டுதான் திருகில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

வெளியே என்றால் வைப்பர் போடுங்கள், காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கிக் காலடிக்கோ முகத்துக்கோ திருப்புங்கள், திருகை நீலத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி சில்லிடாமல் இருந்தால் போதும்.

உள்ளே என்றால், இதுதான் உங்கள் அப்பத்தாவுக்கான பதில், ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் வண்டியில் நீலம் சிவப்புத் திருகு கம்ப்ரசரை ஓட்டுவதில்லை. கம்ப்ரசரை ஓட்டுவது ஏசி என்று எழுதிய பொத்தான் மட்டும். திருகு செய்வது உள்ளே ஒரு தகட்டைத் திருப்புவது. கூலிங் காயிலைத் தாண்டி வந்த காற்றில் எவ்வளவு நேராக வரட்டும், எவ்வளவு ஹீட்டர் வழியாகச் சூடாகி வரட்டும் என்பதை அந்தத் தகடு பிரித்துவிடும். அதாவது ஏசி பொத்தான் எரிந்துகொண்டிருக்க, திருகு நடுவைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் இருந்தால், காற்று முதலில் காயிலில் ஈரத்தை விட்டுக் காய்ந்து, அப்புறம் சூடாகி வெளியே வரும். காய்ந்த வெதுவெதுப்பான காற்று. கண்ணாடிக்கும் அதுதான் வேண்டும், வயசானவர்களுக்கும் அதுதான் வேண்டும். கூடவே உள் காற்றுப் பொத்தானை எடுத்துவிட்டு வெளிக் காற்றுக்கு மாற்றுங்கள், ப்ளோயரைக் கூட்டுங்கள், திசைத் திருகைக் கண்ணாடிப் படத்துக்குத் திருப்புங்கள். மேல் பக்கம் வளைந்த விசிறி மாதிரிப் படத்தில் மூன்று நெளி அம்பு இருந்தால் அது முன் கண்ணாடி. நேரான செவ்வகத்தில் மூன்று நெளி அம்பு என்றால் பின் கண்ணாடி. பல வண்டிகளில் முன் கண்ணாடிப் படத்துக்குத் திருப்பினாலே ஏசியும் வெளிக் காற்றும் தானாகப் போட்டுக்கொள்ளும், உங்கள் வண்டியில் அப்படி இருக்கிறதா என்று பொத்தான் விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹீட்டரால் இன்ஜின் சூடாகும் என்பது தவறு, நேர்மாறாகத்தான் நடக்கும். இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் கொஞ்சத்தை டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்கு அனுப்பி, அதன் மேல் காற்றை ஊதுவதுதான் ஹீட்டர். இன்ஜின் வீணாக வெளியே விடுகிற சூடு அது. அதனால்தான் வண்டி எடுத்தவுடன் ஹீட்டரில் சூடு வராது, நாலைந்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடான பிறகுதான் வரும். அதுவரை ஏசியும் வெளிக் காற்றும் வேலை செய்யும்.


புதுவயல் லாரி வீட்டுப் பிள்ளை எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் ஏசி இல்லாத காலத்தில் எங்கள் மாமா ரைஸ் மில் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டியவர். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துவிடுவார், மழைத் தண்ணீர் கண்ணாடியில் நிற்காமல் வழிந்துவிடும் என்பார். உள் பக்கம் ஷாம்பு தேய்த்துக் காய்ந்த துணியால் துடைத்தால் ஆவி படியாது என்று நானே செய்து பார்த்திருக்கிறேன், இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தாலே பாதி மூட்டம் போய்விடும். அதை ஏன் யாரும் சொல்லவில்லை?


காரைக்குடி ஏசி மெக்கானிக் எழுதியது:

கண்ணாடியை இறக்குவது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஏசி பழுதான வண்டியில் அது நன்றாகக் கைகொடுக்கும். மழை அடித்தால் மட்டும் முடியாது.

ஷாம்பு விஷயமும் பொய் இல்லை. ஈரம் துளித் துளியாக நிற்காமல் மெல்லிசாகப் பரவிவிடும், அதனால் பார்வை மறையாது. ஆனால் அரைகுறையாகத் துடைத்தால் படலம் மிச்சம் நிற்கும், எதிரே வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் பட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம் சிதறும். புகையிலைக்கும் அதே குறை உண்டு. அந்தக் காலத்தில் எதிரே வண்டி குறைவு, வேகமும் குறைவு. இப்போது வேண்டாம். அதைவிட முக்கியம், கண்ணாடி உள் பக்கம் சுத்தமாக இருப்பது. டாஷ்போர்டு பாலிஷின் எண்ணெய்ப் பசை, ஊதுபத்திப் புகை, விபூதித் தூள், கை பட்ட அழுக்கு எல்லாம் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், ஈரத்துக்கு அதுதான் பிடிமானம். வாரம் ஒரு தடவை மைக்ரோஃபைபர் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்தால் மூட்டம் வருவதே குறைந்துவிடும். ஓட்டும்போது கையால் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கையில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கண்ணாடியில் பூசுகிறீர்கள்.


கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. எங்கள் வீட்டிலும் வருடா வருடம் நடக்கிறவர்கள் உண்டு. ராத்திரி நேரத்தில் கார் வெளிச்சம் நெருங்கி வரும்போது ஓரத்துக்குப் போகக்கூட மண் இருக்காது என்பார்கள். இதைக் கேட்டு எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பின் கண்ணாடிக் கம்பியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறேன், ஐப்பசி கார்த்திகையில் நனைந்த பைகள், நனைந்த குடைகள் எல்லாம் பின்னால்தான் கிடக்கும். ப்ளோயர் காற்று அவ்வளவு தூரம் போய்ச் சேராது. பின் கண்ணாடியில் படுக்கை வசத்தில் ஓடும் செம்பு நிறக் கோடுகள் வெறும் கோடுகள் இல்லை, கரண்ட் போனால் சூடாகிற கம்பிகள். பொத்தானைத் தட்டினால் கோட்டுக்குக் கோடு தெளிந்துகொண்டே வரும். பேட்டரியை நிறையத் தின்னும், அதனால் இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள். என் வண்டியில் கால் மணி நேரத்துக்குள் தானாக அணைந்துவிடும். சில வண்டிகளில் பக்கவாட்டு மிரரும் சேர்ந்தே சூடாகும், அதுவும் மழையில் பெரிய உதவி.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கோடுகள் மேல் சாமி ஸ்டிக்கரோ பெயர் ஸ்டிக்கரோ ஒட்டி, அப்புறம் பிளேடால் சுரண்டி எடுக்காதீர்கள். ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசை மட்டும் தெளியாமல் நிற்கும். துடைக்கும்போதும் மேலும் கீழும் தேய்க்காமல் கோடு போகிற போக்கிலேயே துடையுங்கள்.

அப்புறம் உள் காற்று, வெளிக் காற்று. தூசிக்குப் பயந்து எப்போதும் அமுக்கி வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். நம் பெரியவர்கள் வீட்டை ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் போட்டுக் கட்டினாலும் நடுவில் முற்றத்தைத் திறந்துதானே விட்டார்கள்? சூடும் ஆவியும் மேலே போக வழி வேண்டும் என்றுதான். முற்றத்தை மூடிவிட்டால் எவ்வளவு கெட்டி சுவர் இருந்தும் வீடு புழுங்கும். காருக்கும் அப்படித்தான். பங்குனி சித்திரையில் வெயிலில் நின்ற காரைத் திறந்தால் அடுப்பங்கரை மாதிரி இருக்கும், வெளியே இருக்கிற வெயில் அதற்கு எவ்வளவோ தேவலை. அதனால் நான் நாலு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வைப்பேன், அப்புறம் கண்ணாடியை இறக்கி, ப்ளோயரை முழு வேகத்தில் வெளிக் காற்றில் வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுவேன். சூடு வெளியேறிய பிறகுதான் கண்ணாடியை ஏற்றி உள் காற்றுக்கு மாற்றுவேன். அப்போது ஏற்கெனவே குளிர்ந்த காற்றே திரும்பத் திரும்பக் காயிலுக்குப் போவதால் சீக்கிரம் குளிரும். வெயிலுக்கு உள் காற்று, ஈரத்துக்கு வெளிக் காற்று. நான் இப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன்.


நத்தம் வழி டாக்ஸி எழுதியது:

ஆச்சி சொன்ன உள் காற்று விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். காரைக்குடியில் இருந்து நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பல வருடமாக வண்டி ஓட்டுகிறேன். முழு வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உள் காற்றிலேயே ஓட்டினால் எல்லோரும் விட்ட மூச்சே திரும்பத் திரும்ப வரும், தலை கனக்கும், கண் சொருகும். தூக்கம் வருகிறது என்று டீக்கடையில் நிறுத்துகிறோம், அதில் பாதிக்குக் காரணம் தூக்கம் இல்லை, காற்று. அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் வெளிக் காற்றைத் திறந்துவிடுங்கள். தூசிக்குக் கேபின் ஃபில்டர் இருக்கிறது, பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால். நம் செம்மண் ரோட்டுக்கு வருடம் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும், நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். சில வண்டிகளில் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் போட்டிருக்க மாட்டார்கள், திறந்து பாருங்கள்.

மலை ஏறும்போது உங்களுக்கு நடந்த அதே கதைதான் எனக்கும் நடக்கும். கீழே புழுக்கம், வளைவு ஏற ஏறக் கண்ணாடி குளிர்ந்துகொண்டே போகும், பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் மேகம் இறங்குகிற இடத்துக்கு முன்னாலேயே ஏசியோடு சூட்டையும் கலந்து கண்ணாடிக்கு அனுப்பிவிடுவேன், மூடின பிறகு தெளிய வைப்பதைவிட மூடாமல் பார்த்துக்கொள்வது சுலபம். ஹீட்டரால் இன்ஜின் சூடாகாது என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதற்கு நானே சாட்சி. ஒரு தடவை ஏற்றத்தில் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே போய்விட்டது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடியை எல்லாம் இறக்கினேன். முள் கொஞ்சம் இறங்கியது, பத்திரமான இடம் பார்த்து நிறுத்துகிற வரைக்கும் தாங்கியது. அது தற்காலிகம்தான், அதோடு ஓட்டிக்கொண்டே போகக்கூடாது. நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டு போகிறவர்கள் பலர் விடிகிறவரை காரை நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ஏசி போட்டுத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஓடும் நின்ற வண்டியில் தூங்காதீர்கள். புகைக் குழாயில் எங்கேயாவது ஓட்டை இருந்தாலோ சுவரோரம் அடைத்து நிறுத்தியிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் கொசுவலைத் துணி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது சத்திரத்தில் படுங்கள்.


தேவகோட்டைத் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வெளியே படிந்ததை உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன் என்று படித்ததும் அந்தக் காய்ந்த துண்டு நினைவுக்கு வந்தது, எல்லாம் விளங்கிவிட்டது.

இன்று விடிகாலை அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்ப் பார்த்தேன். வெளிக் காற்று, ஏசி, திருகு சிவப்பில் பாதி, ப்ளோயர் மூன்று. கண்ணாடி ஓரத்தில் கூடப் படியவில்லை. முன்னால் கண்ணாடிக்கும் காலுக்கும் சேர்த்து அனுப்புகிற இடத்தில் திருகை வைத்ததும் காலடியில் சூடு வருகிறது என்று அப்பத்தா சொன்னார்கள். இருமவில்லை. பின் கண்ணாடிப் பொத்தானையும் தட்டினேன், ஏழு வருடத்தில் முதல் தடவை, ஆச்சி சொன்ன மாதிரியே கோடு கோடாகத் தெளிந்தது.

இரண்டு சந்தேகம். வெளிக் காற்றுக்கு மாற்றினால் ப்ளோயர் சத்தம் அதிகம், காற்று மட்டும் குறைவு. இன்னொன்று, இடது பக்கம் முன் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்திருக்கிறது. தூறல் தண்ணீர் என்று நினைத்திருந்தேன், ஆனால் நாலு நாளாக மழையே இல்லை, காயவில்லை.


காரைக்குடி ஏசி மெக்கானிக் எழுதியது:

தம்பி, வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறீர்களா? வைப்பருக்குக் கீழே கண்ணாடியும் பானெட்டும் சேருகிற இடத்தில் சல்லடை மாதிரிப் பிளாஸ்டிக் இருக்கும், வெளிக் காற்று உள்ளே போகிற வாசல் அதுதான். அங்கே இலை அடைத்துக்கொண்டால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் இருக்கும். பானெட்டைத் திறந்து கையாலேயே எடுத்துவிடலாம். அதோடு ஃபில்டரையும் பாருங்கள்.

கார்பெட் ஈரத்தை விடாதீர்கள், அது காய்கிற வரைக்கும் உங்கள் காருக்குள் ஒரு குளமே இருக்கிற மாதிரி, தினமும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். தொட்டு முகர்ந்து பாருங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்திருக்கிறது. ஏசி கால் மணி நேரம் ஓடின பிறகும் காருக்கு அடியில் சொட்டு விழாவிட்டால் அது நிச்சயம். நம் ஊரில் காற்றில் வருகிற செம்மண் காயிலில் கோத்த ஈரத்தோடு சேர்ந்து சேறாகிக் குழாய் வாயை அடைத்துவிடும். கீழே இருந்து குழாயைச் சுத்தம் செய்தால் தேங்கிய தண்ணீரெல்லாம் கொட்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே காயில் இருக்கிறது.

தண்ணீருக்குப் பச்சையோ ரோஸ் நிறமோ இருந்து, வழுவழுப்பாக, தித்திப்பு வாசம் அடித்தால் அது கூலன்ட். ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர் கசிகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் முன் கண்ணாடியில் எவ்வளவு துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலமும் வரும். அப்போது தள்ளிப் போடாமல் கடைக்குக் கொண்டு போங்கள், கூலன்ட் குறைந்தால் இன்ஜினே போய்விடும்.

இன்னொரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் வீடு வந்து சேர மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணைத்து ப்ளோயரை வெளிக் காற்றில் ஓட விடுங்கள். காயில் காய்ந்துவிடும், ஈரத் துணி நாற்றம் வராது. ஈரக் காலத்தில் இதைச் செய்யாதீர்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.


தேவகோட்டைத் தம்பி எழுதியது:

அண்ணே, வேப்பமரம் இல்லை, புளியமரம். சல்லடைக்குள் இரண்டு கை நிறையப் புளிய இலை மக்கிக் கிடந்தது. எடுத்ததும் காற்று வருகிற வேகமே வேறு. ஃபில்டர் கறுப்பாக இருந்தது, புதிது வாங்கிப் போட்டுவிட்டேன்.

கார்பெட் தண்ணீர் வெறும் தண்ணீர்தான், நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பக்கத்தில் இருக்கிற பட்டறையில் குழாயை எடுத்துவிட்டார், தேங்கியிருந்த தண்ணீர் சேறு கலந்து கொட்டியது. இப்போது காருக்கு அடியில் ஒழுங்காகச் சொட்டுகிறது. சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி மொட்டை மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன்.

சித்தப்பா தரிசனம் முடித்துவிட்டாராம், போன் வந்தது. கூட்டி வரப் புதன்கிழமை நான்தான் பழனிக்குப் போகிறேன். இந்தத் தடவை நன்றாக விடிந்த பிறகு கிளம்பலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள், அப்படித்தான் செய்யப் போகிறேன். திரும்பி நடந்து வருகிறவர்களும் ரோட்டில் இருப்பார்கள்.